லைப்ரரி அக்காவின் இழுப்பறை

கம்பம் பள்ளத்தாக்கில், கேரள மலை கண்ணெதிரே நிற்கும் ஓர் ஊரிலிருந்து நூலகர் ஒருவர் ஆறு பக்கம் எழுதியிருக்கிறார். ஆளும் ஊரும் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

ஊரில் பாதிப் பேர் விடிவதற்கு முன்பே ஜீப் ஏறி, மலைக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்கள். அவர்கள் திரும்பி வரும்போது தாலுகா அலுவலகம் மூடியிருக்கும், வங்கி மூடியிருக்கும், நூலகம் மட்டும் திறந்திருக்கும். அதனால் யாருக்கு எந்தக் காகிதம் வந்தாலும் “லைப்ரரி அக்கா படித்துச் சொல்லும்” என்று இங்கே வந்துவிடுகிறார்கள். முதலில் கடிதம் படித்துக் காட்டினார். பிறகு மனு எழுதிக் கொடுத்தார். இப்போது அவருடைய மேசை இழுப்பறையில் இருபத்தேழு பேரின் ஆதார் ஜெராக்ஸ் இருக்கிறது. அவசரம் என்று கேட்டவர்களுக்குக் கைப்பணமும் கொடுத்திருக்கிறார். நாலாயிரம் ரூபாய்க்கு மேல் திரும்பவில்லை.

இதற்கிடையில் வாசகர் வட்டத் தலைவர், “இது படிக்கும் இடமா, மனு எழுதும் திண்ணையா?” என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டார். மேலிடத்திலிருந்தும் ஒரு முணுமுணுப்பு. கேள்விகள் நான்கு. இதையெல்லாம் நான் செய்யலாமா? செய்தால் சட்டச் சிக்கல் வருமா? மலைக்கு அந்தப் பக்கம் நடந்த விபத்துக்கு இந்தப் பக்கம் என்ன செய்ய முடியும்? வெளிநாட்டில் நூலகங்களிலேயே சமூகப்பணியாளர் இருக்கிறாராமே, அதுபோல் இங்கே கொண்டுவர முடியாதா?

கடிதத்தின் ஐந்தாம் பக்கத்தில், பேச்சோடு பேச்சாக ஒரு சிறுமியைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஐந்தாம் பக்கத்துச் சிறுமி

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதம் கிடைத்த அன்றே இந்தப் பகுதிக்கு மட்டும் உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். இங்கே மறுபடி எழுதுவது, இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக.

பதினைந்து வயதுப் பெண். பள்ளி விடுமுறை நாளில்கூட நூலகம் திறப்பதற்கு முன்பே வந்து படியில் உட்கார்ந்திருக்கிறாள். அம்மா நாலு மணி ஜீப்புக்குப் போன பிறகு வீட்டில் உறவினர் ஒருவர் இருக்கிறார். “அவர் இருக்கும்போது வீட்டில் இருக்கப் பயமாக இருக்கிறது” என்று ஒருநாள் சொன்னாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று உங்களிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டாள். “சத்தியத்தை மீறினால் என்னிடம் வருவதையும் நிறுத்திவிடுவாள்” என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். அந்த ஆளை ஒருநாள் நேரில் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்டுவிடலாமா என்றும் யோசித்திருக்கிறீர்கள்.

கூப்பிடவே கூடாது. நீங்கள் நாலு வார்த்தை கேட்ட அன்று இரவு, அதற்கான விலையைக் கொடுக்கப் போகிறவள் அந்தப் பெண். இரக்கப்பட்டு அவளை உங்கள் வீட்டில் தங்கவைப்பதும் வேண்டாம்.

சத்தியத்தைப் பொறுத்தவரை, இதில் காப்பாற்றும் உரிமையே உங்களுக்கு இல்லை. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவில், பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட ஒருவருக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்திருக்கிறது என்று அறிந்தவர் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்ற அச்சம் உள்ளவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஆசிரியர், மருத்துவர் என்றில்லை, எவராக இருந்தாலும். தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். நல்லெண்ணத்தோடு சொல்லி, பிறகு அது வேறு விஷயமாக இருந்துவிட்டாலும் உங்கள் மேல் வழக்கு வராது. அதை 19-ஆம் பிரிவே சொல்கிறது. “உறுதியாகத் தெரிந்த பிறகு சொல்லலாம் என்று காத்திருக்கிறேன்” என்று எழுதியிருந்தீர்களே, உறுதிப்படுத்துவது உங்கள் வேலை அன்று. துருவித் துருவிக் கேட்டால் குழந்தை பின்னால் சொல்லப்போகும் வாக்குமூலமும் கலங்கிவிடும்.

குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் பேசுங்கள். அவள் சொன்ன அதே சொற்களைச் சொல்லுங்கள், உங்கள் ஊகத்தைச் சேர்க்க வேண்டாம். குழந்தைகள் நலக் குழுவும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் அடுத்த அடியை எடுக்கும். அவளிடம் மறைக்கவும் வேண்டாம். “நீ சொன்னதை நான் நம்புகிறேன். ஆனால் இதை என்னோடு மட்டும் வைத்துக்கொள்ள முடியாது, உதவக் கூடியவர்களிடம் சொல்லப் போகிறேன். நீ எப்போதும்போல இங்கே வரலாம்” என்று சொல்லிவிடுங்கள். என் அனுபவத்தில், கோபித்துக்கொண்டு போகும் பிள்ளைகளில் பெரும்பாலோர் திரும்பி வருகிறார்கள். இனி எந்தப் பிள்ளைக்கும், என்ன விஷயம் என்று தெரியாமல் சத்தியம் செய்து கொடுக்காதீர்கள்.

இதைப் படித்துவிட்டு, புருஷன் அடிக்கிறான் என்று உங்களிடம் ஒருமுறை சொன்ன பெண்ணைப் பற்றியும் ஓடிப்போய்ப் புகார் செய்துவிட வேண்டாம். அவர் வயது வந்தவர். எப்போது, எங்கே போவது என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான். 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் உங்களைப் போன்ற மூன்றாம் மனிதரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம் என்று இருக்கிறது. தரலாம் என்றுதான், தரவேண்டும் என்று இல்லை. காவல் நிலையம் போகாமலே அந்த அலுவலர் மூலம் நீதிமன்றப் பாதுகாப்பு ஆணை பெறலாம் என்பது பல பெண்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லுங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும், அவர் வீட்டில் யார் கண்ணிலும் படாதபடி எடுத்துப்போகக்கூடிய ஏதாவது ஒன்றில் எழுதிக் கொடுங்கள். பழைய நூலக அட்டை நல்ல இடம். உயிருக்கு ஆபத்து என்று கண்ணெதிரே தெரிந்தால் அப்போது கணக்கு வேறு.

இழுப்பறை

உங்கள் நல்ல மனதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. இழுப்பறையைப் பற்றித்தான் கவலை.

இருபத்தேழு ஆதார் நகல், அவற்றுள் சிலவற்றோடு வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், ஒன்றிரண்டில் வெற்றுத் தாளில் கைநாட்டு. பூட்டு இருக்கிறதா என்று எழுதவில்லை. இருந்தாலும் சாவி உங்களிடம் மட்டும் இருக்காது. நாளை யாரோ ஒருவர் பெயரில் ஒரு சிம் கார்டோ சிறுகடனோ முளைத்தால், ஊர் முதலில் கை நீட்டுவது உங்களை நோக்கி. அந்த நகல்களை உரியவர்களிடம் கொடுங்கள், வராதவர்களுடையதைக் கிழித்து எரித்துவிடுங்கள். கைநாட்டு வைத்த வெற்றுத் தாளை அவர்கள் கண்முன்னே கிழியுங்கள். கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருப்பீர்கள், அதையும் அழியுங்கள். ஓ.டி.பி. எண்ணை அவர்கள் கையாலேயே அழுத்தச் சொல்லுங்கள், எழுத்தறியாதவராக இருந்தாலும் எண் தெரியும்.

மனு எழுதுவதில் உங்கள் கைப்பிழை ஒன்றை நீங்களே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். ஐம்பத்தேழு வயது அம்மாவுக்கு முதியோர் உதவித்தொகை கேட்டு, வயதை அறுபது என்று எழுதினீர்கள். ஆதாரில் ஐம்பத்தேழு என்று இருந்ததால் திரும்பி வந்துவிட்டது. பணம் கைக்கு வரும் முன்பே திரும்பியது நல்லகாலம். அந்த மனு உங்கள் கையெழுத்தில் இருக்கிறது, நீங்கள் அரசு நிறுவனம் ஒன்றில் உட்கார்ந்திருக்கிறீர்கள். இதைவிட எனக்கு வருத்தம் தந்தது வேறொன்று. அந்த அம்மா கணவரை இழந்து ஒன்பது வருடம் ஆகிறது, ஆதரிக்கவும் ஆள் இல்லை என்று உங்கள் கடிதமே சொல்கிறது. ஆதரவற்ற விதவைகளுக்கான உதவித்தொகைக்கு அறுபது வயது ஆகவேண்டியதில்லை, பதினெட்டு நிறைந்திருந்தால் போதும். 2023-இல் இரண்டு உதவித்தொகையுமே மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தன. பொய் சொல்லாமலே திறந்திருந்த கதவு அது. சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் அலுவலகத்துக்கு, உண்மையான வயதோடும் கணவரின் இறப்புச் சான்றோடும் புதிதாக விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

சமூகப்பணி என்னும் எங்கள் தொழிலில் முதல் வருடம் கற்றுக்கொள்வது இது: ஒருவருக்கு எது கிடைக்கும் என்று சரியாகத் தெரிந்துவைத்திருப்பவர், அவருக்காக ஓடி அலைகிறவரைவிட அதிகம் உதவுகிறார். நூலகருக்கு இது புதிதும் அன்று. தேடுகிறவரையும் தேடப்படுவதையும் சேர்த்துவைப்பதுதானே உங்கள் படிப்பு?

மனு எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், அவர் சொன்னதை மட்டும் எழுதுங்கள், உரக்கப் படித்துக் காட்டுங்கள், பிறகு கையெழுத்து வாங்கி அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். எடுத்துக்கொண்டு போகிறவர் அவராகவே இருக்கட்டும். கைப்பணம் கொடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். நாலாயிரம் போனதுகூடப் பெரிதில்லை; கடன் வாங்கியவர் உங்கள் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு நூலகத்துக்கு வருவதையே நிறுத்திவிடுவார்.

இரண்டு பக்கமும் ரேஷன் அட்டை வாங்கித் தரச் சொல்லிக் கேட்பவர்களின் விஷயத்தில் தலையிடவே வேண்டாம். ஒரே அட்டையைக் கொண்டு அடுத்த மாநிலத்திலும் தானியம் வாங்கும் ஏற்பாடு இப்போது இருக்கிறது என்பதை மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

ஜீப் கவிழ்ந்த வழக்கு

இதில் நாள் எண்ண வேண்டியிருப்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். தோட்டத்திலிருந்து திரும்பிய ஜீப் வளைவில் கவிழ்ந்து, உங்கள் வாசகி ஒருவருக்கு இடுப்பெலும்பு முறிந்து நான்கு மாதம் ஆகிறது. “விபத்து கேரளாவில் நடந்தது, அங்கே போய் வழக்கு நடத்த வழியில்லை, ஜீப்பில் அளவுக்கு மேல் ஆள் ஏற்றியிருந்ததால் பணமும் வராது” என்று யாரோ சொல்ல, அவரும் விட்டுவிட்டார், நீங்களும் நம்பிவிட்டீர்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆம் பிரிவு, விபத்து நடந்த இடத்தில் மட்டுமல்ல, பாதிக்கப்பட்டவர் வசிக்கும் இடத்துத் தீர்ப்பாயத்திலும் இழப்பீடு கோரலாம் என்கிறது. மலை ஏற வேண்டியதில்லை. ஆட்களை அடைத்து ஏற்றியது ஓட்டுநரின் தப்பு, ஏறியவரின் உரிமை அதனால் அழியாது. காப்பீட்டு நிறுவனம் எவ்வளவு, வண்டிக்காரர் எவ்வளவு என்பது வழக்கறிஞர் வாதாட வேண்டிய விஷயம். வேலைக்குப் போய்வந்த வழியில் நடந்ததால் தொழிலாளர் இழப்பீடும் பொருந்துமா என்று பார்க்கலாம். இரண்டுமே பொருந்தினாலும் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும், அதை வழக்கறிஞரோடு பேசி முடிவு செய்யட்டும்.

ஆனால் 2019-இல் வந்த திருத்தம், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று வரம்பு போட்டிருக்கிறது. நான்கு மாதம் போய்விட்டது. இந்த வாரமே அவரை உத்தமபாளையத்தில் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்கு அனுப்புங்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண் என்ற ஒரே காரணத்துக்காக, வருமானம் எவ்வளவானாலும் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். போகும் முன் கேட்டுக்கொள்ள 15100 என்ற எண் இருக்கிறது. மருத்துவமனை விடுவிப்புச் சுருக்கம், எக்ஸ்ரே, மருந்துச் சீட்டுகள், ஜீப்பின் எண், கூட வந்த இரண்டு பேரின் பெயர் இவற்றை ஒரு பையில் போட்டுக் கொடுங்கள். முதல் தகவல் அறிக்கை மலையாளத்தில் இருக்கும். அதைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டுமே என்று மலைக்க வேண்டாம். குமுளியிலும் வண்டன்மேட்டிலும் இரண்டு மொழியும் தண்ணீர்பட்ட பாடாக இருப்பவர்கள் ஏராளம். மருத்துவமனை வாசலில் சதவிகிதம் பேசி வக்காலத்துத் தாளில் கையெழுத்து வாங்கும் தரகர்கள் அவரிடம் வந்துபோனார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாசகர் வட்டத் தலைவர் சொன்னதில் பாதி

அவர் கேட்ட விதம் தவறு. கேட்டதில் பாதி சரி. மாலை ஆறு மணிக்குப் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பையன்கள் இருக்கிற ஒரே அறையில், ஒரு பெண் தன் வீட்டுக் கதையை அழுதுகொண்டே சொன்னால் அவர்களுக்கும் படிப்பு ஓடாது, அவருக்கும் மானம் நிற்காது. அதற்கு இடத்தையும் நேரத்தையும் பிரிப்பதுதான் வழி.

மீதிப் பாதிக்குப் பதில் சொல்ல உங்களிடம் வலுவான வாதம் இருக்கிறது. 1948-இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. சுதந்திர இந்தியாவில் அதுதான் முதல். அந்தச் சட்டத்தின் வழியாக இன்றும் வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரியாக வருகிறது. ஜீப்பில் போகும் பெண் கட்டும் வரியிலும் அந்தப் பத்து பைசா இருக்கிறது. எழுத்தறியாத அவருக்கு நூலகம் திருப்பித் தருவது என்ன என்று தலைவரிடம் மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். அந்தச் சட்டத்துக்காகப் பாடுபட்ட சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன், 1931-இலேயே வகுத்த ஐந்து விதிகளில் நான்காவதாகச் சொன்னது வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது. தவறான அலுவலகத்துக்கு இரண்டு நாள் கூலியை விட்டு அலைகிறவருக்கு, சரியான அலுவலகத்தின் பெயரைச் சொல்லுவதும் அதில் அடங்கும் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

மலைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். அங்கே வாயனசாலை என்னும் ஊர் நூலகங்களை நடத்துவது பெரும்பாலும் ஊர்க்காரர்கள் தேர்ந்தெடுத்த குழு. பி.என்.பணிக்கர் 1945-இல் கட்டிய கிரந்தசாலை சங்கம் ஊர் ஊராக எழுத்தறிவும் கற்றுக்கொடுத்தது. வாயனசாலையில் ஒரு கூட்டம் என்றால் அங்கே யாரும் புருவம் உயர்த்துவதில்லை. நம் பக்கம் நூலகம் துறையின் கீழ் இருப்பதால், நீங்கள் எது செய்தாலும் “யார் அனுமதி கொடுத்தது?” என்ற கேள்வி வரும். ஆகவே அனுமதியை முதலில் வாங்கிவிடுங்கள்.

மாவட்ட நூலக அலுவலருக்கு வாசகர் வட்டத்தின் பெயரில் ஒரு பக்கக் கடிதம் போதும். அதில் மனு எழுதும் சேவை என்று எழுதாதீர்கள், தகவல் பலகை, தகவல் பதிவேடு என்று எழுதுங்கள், செய்யப்போவதும் அதுதான். பதிவேட்டில் ஒவ்வொரு அலுவலகத்துக்கும் ஒரு பக்கம்: எங்கே இருக்கிறது, எந்த பஸ், எந்தக் கிழமை அலுவலர் இருப்பார், என்னென்ன காகிதம் கேட்பார்கள், கட்டணம் எவ்வளவு, இ-சேவை மையத்தில் எவ்வளவு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போன் செய்து சரிபார்த்துத் தேதி போடுங்கள். போய் வந்தவர் சொல்வதையும் ஓரத்தில் குறித்து வையுங்கள். அந்த ஓரக் குறிப்புதான் பதிவேட்டிலேயே விலை மதிக்க முடியாத பகுதியாக இருக்கும். தலைவரையே அதற்குப் பொறுப்பாளராகப் போட்டுவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று எழுதியிருக்கிறீர்கள், கையெழுத்து நன்றாகத்தான் இருக்கும்.

இனி உங்கள் நான்காவது கேள்வி. நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ பொது நூலகம் 2009-இல் முழுநேர சமூகப்பணியாளர் ஒருவரை வேலைக்கு வைத்தது. பிறகு வேறு பல நகரங்களும் அதைப் பின்பற்றின. வீடில்லாதவர்கள் பகல் முழுவதும் நூலகத்தில் தங்கியது அங்கே தொடக்கம். ஒரு காலத்தில் தெருவில் வாழ்ந்து மீண்டவர்களையே உதவியாளர்களாகச் சேர்த்துக்கொண்டதுதான் எனக்கு அதில் மிகவும் பிடித்த பகுதி. உங்கள் நூலகத்தில் அப்படி ஒரு பணியிடம் இல்லை, கேட்டு வாங்குவதற்குள் நீங்கள் ஓய்வுபெற்றுவிடலாம். ஆனால் இரண்டு காரியம் இப்போதே முடியும்.

ஒன்று, சட்டப் பணிகள் ஆணைக்குழு கிராமங்களில் சட்ட உதவி மையம் நடத்தலாம் என்று 2011-இலேயே விதிமுறை இருக்கிறது. மாதம் இரண்டு மாலை உங்கள் நூலகத்தில் சட்டம்சார் தன்னார்வலர் ஒருவர் வந்து உட்கார வேண்டும் என்று மாவட்ட ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். ஜீப் திரும்பும் நேரத்தைக் குறிப்பிட்டு எழுதுங்கள், பகல் பதினொரு மணிக்கு வந்தால் மேசையும் நாற்காலியும்தான் கேட்டுக்கொண்டிருக்கும். இரண்டு, மதுரைப் பக்கத்துக் கல்லூரிகளில் சமூகப்பணி முதுகலை படிக்கும் மாணவர்கள் பாடத்திட்டப்படியே களப்பணிக்குப் போயாக வேண்டும். துறைத் தலைவருக்கு எழுதிக் கேளுங்கள். ஒரு நிபந்தனை மட்டும் போடுங்கள்: கல்லூரியில் அவர்களை மேற்பார்வை செய்யும் ஆசிரியர் மாதம் ஒருமுறையாவது நேரில் வர வேண்டும். இருபத்திரண்டு வயதுப் பிள்ளையிடம் ஊர்க் கவலையை எல்லாம் இறக்கிவைத்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளக் கூடாது. நீங்கள் இப்போது தூக்கம் வராமல் புரள்வதாக எழுதியிருக்கிறீர்களே, அதுவே அவர்களுக்கும் நடக்கும். உங்கள் தூக்கத்துக்கு முதலில் இழுப்பறையைக் காலி செய்யுங்கள். இரண்டு வாரத்தில் சரியாகாவிட்டால் 14416-இல் தமிழிலேயே பேசலாம், அது அரசின் மனநல உதவி எண்.

கடைசியாக, தினமும் நாளிதழை விரித்து வைத்துக்கொண்டு மேசையில் தலைசாய்த்துத் தூங்கும் பெரியவர். எழுப்பி அனுப்பச் சொல்லி இரண்டு பேர் புகார் செய்திருக்கிறார்கள். மருமகள் விடியற்காலை ஜீப்புக்குப் போகும்போது வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோய்விடுகிறார் என்று நீங்களே கேட்டுத் தெரிந்துவைத்திருக்கிறீர்கள். மருமகளிடம் இன்னொரு சாவி செய்யச் சொல்லிப் பேசிப் பாருங்கள், சண்டை இல்லாமல் முடியக்கூடிய விஷயமாகத்தான் தெரிகிறது. முடியாவிட்டால் முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது. அதுவரை அவர் தூங்கட்டும். மின்விசிறிக்குக் கீழே உள்ள நாற்காலியைக் கொடுங்கள். தலையணை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், தலைவர் அதற்கும் ஒரு கேள்வி கேட்பார்.